நல்ல டிஸ்க்

திருப்பதியில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் தம்பி யஸ்வந்துடன் நுழையும் முன் காவ்யா பெயர்ப்பலகையை இன்னொரு முறை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

"வீடியோ எடிட்டிங்குக்குப் புதுசா சிஸ்டம் போடறேன். எந்த எஸ்எஸ்டி டிஸ்க் நல்லா வரும்?" என்று கேட்டாள்.

கடைக்கார ஜெயபிரகாஷ் யஸ்வந்தைப் பார்த்தே பதில் சொன்னான். "இது வெல கம்மி தம்பி. ஆனா பெரிய ஃபைல காப்பி பண்ணா பாதியிலயே ஸ்லோ ஆயிடும். அத எடுத்துக்கோ, அஞ்சு வருஷம் வாரண்டி."

"சிஸ்டம் எனக்குத்தான். ரொம்ப நேரம் ஓடிக்கினே இருந்தா சூடாகுமா?" காவ்யா ஓரடி முன்னால் வந்து கேட்டாள்.

"லேடீஸுக்கு அதெல்லாம் இன்னா புரியும் தம்பி? நீ கேளு, நான் சொல்றேன்."

அவள் மறுபடியும் கேட்டாள். அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் நல்ல டிஸ்க்கைத்தான் எடுத்துக் கொடுத்தான், நியாயமான விலைக்கு.

"நல்ல ஆளாத்தான் தெரியறாருக்கா," என்றான் யஸ்வந்த், வெளியே வந்ததும்.

காவ்யா புத்தூரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"நைனா, ஞாயித்துக்கெழம என்னப் பொண்ணு பாக்க வர்றாரே, கம்ப்யூட்டர் கடைக்காரரு, அவர வர வேணான்னு சொல்லிடு."

"இன்னாம்மா இது? போட்டோகூட இன்னும் மாத்திக்கலியே. நீ எப்போ அவரப் பாத்த?"

"இப்பதான் நைனா. எதிர்லயே நின்னுக்கினு இருந்தேன். அவருதான் என்னப் பாக்கல."