ஒரு சொட்டு சீமெந்து

"இதுதான் நீ சுத்தம் பண்ற லட்சணமா? டைல்ஸ் மேல சீமெந்து சொட்டு அப்படியே இருக்கு!"

பதுளையில் புதிதாகக் கட்டிய அந்த வீடே அதிரும்படி சுதர்ஷினி கத்தினாள். விஜயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தாள்.

வாசலில் வந்து நின்ற பஸீலுக்கு மனம் பொறுக்கவில்லை.

"விடுங்க தங்கச்சி, பாவம். வீடு என்னோடது. எனக்கே புடிச்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் வெளியே போனதும் விஜயலெட்சுமி சிரித்துவிட்டாள்.

"முன்ன சுத்தம் பண்ண வந்தவங்கள எல்லாம் குறை சொல்லியே வெரட்டுன மனுசன், அக்கா! நீங்க முந்திக்கிட்டு ஏசினதுல நமக்காகவே பேசிட்டுப் போறாரு!"

கட்டட வேலை முடிந்த வீடுகளைச் சுத்தம் செய்யும் குழுவின் தலைவி சுதர்ஷினி சிரிக்கவில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள்.

"தள்ளுடி. அந்தச் சொட்டு நெசமாவே இன்னும் போகல."