நிறம் வராத குப்பி

பனியன் கம்பெனியின் குடிநீர்த் தொட்டியடியில், குளோரின் மருந்து இறங்கும் வால்வின் மேல் கைவைத்தபடி நிற்கிறார் மொக்கைச்சாமி. தண்ணீரைச் சோதிக்கும் ஷமீமா, கண்ணாடிக் குப்பியில் நீர் பிடித்து, பொடி போட்டுக் குலுக்குகிறாள். மருந்து இருந்தால் நீர் சிவக்க வேண்டும். இது ஒரு கணம் சிவந்து, உடனே வெளுத்துவிடுகிறது. "மருந்தே இல்ல பாப்பா. இன்னுங் கொஞ்சம் தெறந்து விடவா?" "இருங்ண்ணா, தொறந்துராதீங்க." குப்பியை முகர்ந்தவள் புருவத்தைச் சுருக்குகிறாள். வேறொரு குப்பியை எடுத்து, கைரேகை போகப் பனியன் துண்டால் துடைக்கிறாள். தொட்டி நீர் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் ஒன்பது பங்கு, மறுபடி பொடி. காலை வெயிலில் குப்பி செம்பருத்தியாய்ச் சிவந்து, அப்படியே நிற்கிறது. "மருந்து எக்கச்சக்கமா இருக்குதுங்ண்ணா. அதான் வந்த நெறத்தையும் அதே வெளுத்துப்போட்டுது." இருபது வருடம் சலவைப் பட்டறையில் இதே மருந்தில் துணி வெளுத்த கை, வால்வைவிட்டு மெல்ல இறங்குகிறது. டீ மணி அடிக்கிறது. பாட்டில்களோடு வரும் கூட்டத்துக்கு முன்னால், குழாயை மறைத்துக்கொண்டு நிற்கிறார் மொக்கைச்சாமி. "யாரும் தண்ணி புடிக்காதீக! மேடம் சொன்ன பொறவுதான்."