கணவனுக்கு இரண்டு கோடு

கணவனுக்கு இரண்டு கோடு விழ வேண்டும் என்று, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் இப்படி வேண்டியிருக்க மாட்டாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

உள்ளே அவன் கையில் இருந்தது பெண்களுக்கான ஸ்ட்ரிப். கப்பில் பிடித்த சிறுநீரில் நனைத்து ஐந்து நிமிடம் வைத்தால், கருமுட்டை வெளிவரப் போகிற ஒன்றிரண்டு நாளில் மட்டும் இரண்டு கோடும் ஒரே அழுத்தமாக விழும்; மற்ற நாளில் ஒன்றுதான்.

இரண்டு வருடமாக அந்த ஸ்ட்ரிப்போடுதான் குடித்தனம்.

மாதத்தில் இரண்டு நாள் கணக்குப் பார்த்துப் போடுவாள். போட்டபோதெல்லாம் பளிச்சென்று இரண்டு கோடு விழுந்தது. தலைகால் புரியாத சந்தோஷம் இருவருக்கும்.

மத்தியானங்களில் கழுத்திலிருந்து குபீரென்று ஒரு சூடு ஏறும். முதலில் பழியை வேலை பார்க்கும் பேக்கரி அடுப்பின் மேல் போட்டாள். விடுமுறை நாளிலும் ஏறியது. முட்டை வந்தால் உடம்பு சூடாகும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வர, பூரித்துப்போனாள். விடிந்ததும் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்பாள். அந்த ஐந்து நிமிடம்தான் வீட்டில் நிம்மதி என்று அவன் சொல்வான்.

நாள் தள்ளிப்போனால் கேட்கவே வேண்டாம். மூன்று முறை தள்ளிப்போனது. மூன்று முறையும் ஏமாற்றியது.

இந்த மாதம் எதையும் கோட்டை விடக் கூடாதென்று தினமும் போட்டுப் பார்த்தாள். பதின்மூன்று நாளும் இரண்டு கோடு.

வாயெல்லாம் பல்லாக கிளினிக் நர்ஸுக்கு போன் செய்து சொன்னாள். எத்தனை நாள் என்று நர்ஸ் திருப்பிக் கேட்டாள்.

"தினமும் வரக்கூடாதும்மா. பீரியட்ஸ் நிக்கப்போற வயசுக்காரங்களுக்குத்தான் அப்படி வரும். உங்க வயசு என்ன சொன்னீங்க?"

முப்பத்து நான்கு.

ஒருவேளை ஸ்ட்ரிப் பெட்டியே கோளாறாகவும் இருக்கலாம், எதற்கும் ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று சொல்லி நர்ஸ் போனை வைத்தாள். அந்த 'ஒருவேளை'யை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவளைவிடக் கெட்டியாக அவன் பிடித்துக்கொண்டான். தராசு பழுது பார்ப்பது அவன் தொழில். தெருவில் பெயரே தராசுதான். விஷயத்தைக் கேட்டதும் துள்ளி எழுந்தான்.

"தட்டுல ஒண்ணுமே வைக்காம தராசு எடை காட்டுனா, தப்பு யார் மேல? தராசு மேலதானே? இங்க நான்தான் காலித் தட்டு. எனக்கும் ரெண்டு கோடு வந்தா கோளாறு பெட்டியிலதான், உன்கிட்ட இல்ல."

ஒரு காலி கப்பையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி உள்ளே போய்த் தாழ்போட்டான். அவ்வளவு நம்பிக்கை. பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தும் ஆயிற்று. தாழ் திறக்கவில்லை.

கதவைத் தட்டினாள். "என்னங்க, உள்ள பிரசவமா நடக்குது?"

கொஞ்சம் கழித்துக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

முகம் கழுவிக்கொண்டு வந்தான். ஸ்ட்ரிப்பை உயர்த்திக் காட்டினான். இரண்டு கோடு. இரண்டும் ஒரே அழுத்தம்.

"பாத்தியா? பெட்டிதான் கோளாறு."

அவள் அப்படியே அவனைக் கட்டிக்கொண்டாள். நர்ஸிடம் பேசியதிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. ஊரைக் கூட்டி உங்களுக்கு முட்டை வரப்போகிறது என்று சொல்லட்டுமா என்று சீண்டினாள். அவனும் சிரித்தான், சற்றுத் தாமதமாக.

"அந்தக் கடைக்காரனை சும்மா விடாதீங்க. இப்பவே போய் பெட்டியை அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வாங்க."

"விடும்மா. போகட்டும்" என்றான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோளாறான பொருளைப் போகட்டும் என்று விடுகிற ஆளே இல்லை அவன். தீக்குச்சி பற்றவில்லை என்று ஒரு தீப்பெட்டிக்காகக் கடைவாசலில் அரை நாள் மல்லுக்கு நின்றவன். பால் பாக்கெட்டில் ஒரு மிடறு குறைந்தாலும் கொண்டுபோய் அளந்து காட்டிவிட்டு வருபவன். கல்யாணமான எட்டு வருடத்தில் ஒரு பொருளை, ஒரே ஒரு பொருளை, அவன் அப்படி விட்டு அவள் பார்த்ததில்லை.

அவள் கை அவன் முதுகிலிருந்து மெல்ல இறங்கியது.

காலையில் அவள் பிடித்து வைத்த கப் இன்னும் உள்ளேதான் இருந்தது.

முதல் ஐந்து நிமிடம் அவன் தன்னுடையதைத்தான் பார்த்திருக்கிறான். ஒரு கோடுதான் விழுந்திருக்கிறது. பிறகு இன்னொரு ஸ்ட்ரிப்பை எடுத்து, அவளுடைய கப்பில் நனைத்து, இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்திருக்கிறான்.

இனி பிள்ளை இல்லை என்பது அவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. தெரிந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவளோ வெளியே நின்று கதவைத் தட்டிக் கேலி செய்திருக்கிறாள்.



"சரிங்க, போகட்டும்" என்றாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். திரும்பவில்லை.