குடித்தனக்காரன் பேர் எனக்கெதுக்கு?

“ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. என் வீடு, என் இஷ்டம். காலி பண்ணச் சொல்லுய்யா அவனை!”

கால்மேல் கால் போட்டு, ஹால் அதிர போனில் கத்திக்கொண்டிருந்தான் ஜமீன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் உத்தியோகம். வெளிமாநிலத்தில் வீடு வாங்கிய நாளிலிருந்து அவன் நடையே மாறிவிட்டதைப் பார்த்து, கூட வேலை செய்பவர்கள் சூட்டிய பட்டம்தான் அந்த ஜமீன்.

“மூணு மாசம் டயம் குடுக்கலாமே சார்” என்று இழுத்தார் மறுமுனையில், அந்த வீட்டை அவனுக்கு விற்றுக் கொடுத்த கம்பெனியின் மேனேஜர். “ரிட்டயரான மனுஷர். யாரு, என்னன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு...”

“பேர், ஊர் எதையும் சொல்லாதீங்க. தெரிஞ்சா பாவம் பார்க்கத் தோணும். வீட்டை வச்சு சம்பாதிக்கறவன் அதைத்தான் செய்யக் கூடாதுன்னு வீடியோவுல படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காங்க. நோட்டீஸை அனுப்புங்க!”

போனை வைத்த மறுகணம், கூரையிலிருந்து சொட்டென்று ஒரு துளி அவன் ஏறுநெற்றியில் விழுந்தது.

“இந்த வீட்டு ஓனரெல்லாம் ஒரு மனுஷனா?” என்று மேலே பார்த்துக் கறுவினான். “ஆறு மாசமா ஒழுகுது. எந்த ஊர்லயோ உக்காந்துக்கிட்டு, வாடகை மட்டும் நோகாம வாங்கிக்கறான். சோம்பேறிப் பய!”

எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி, வாளியைக் காலால் நகர்த்திச் சொட்டுக்குக் கீழே வைத்தாள்.

“அங்கே அந்தப் பெரியவரும் ஒழுகுதுன்னுதானே சொன்னார்? அதுக்கா காலி பண்ணச் சொல்றீங்க?”

“ஒழுகறது வேற, நச்சரிக்கறது வேறடி.”

பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, குடித்தனக்காரரையும் வைத்து, வெளிமாநிலத்துக்காரர் தலையில் கட்டுவதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். ஆணி அடிக்க வேண்டாம், ஆளைப் பார்க்க வேண்டாம். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். இந்த வீட்டு வாடகையை வசூலிக்க வரும் மேனேஜர்தான் அவனுக்கும் ஆசை காட்டினார். ஊரார் எலும்பையெல்லாம் உள்ளே புகுந்து பார்க்கிறவன், தன் வீட்டு வாசற்படியைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

“பெயின்ட் அடிச்சு, புது ஆளை வச்சா வாடகையைக் கூட்டலாம். போன வருஷம் அந்த ஆளுக்கு ஏத்தினேன். அடுத்த மாசமே இங்கே நமக்கு ஏத்திட்டான் படுபாவி. விலைவாசி அப்படி!”

“என்னமோ பண்ணுங்க. ஆனா இந்த ஓனர்கிட்ட மட்டும் வம்பு வளர்க்காதீங்க. என்னை அலையவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. பிரசவம் முடியற வரைக்கும் ஒழுகினாலும் இதே கூரைக்கடியில கிடப்போம்.”

“எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு நாலு எட்டு. இதை விட்டா இந்த வாடகைக்கு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது.”

மறுநாள் காலை, மேனேஜரே கூப்பிட்டார். மனைவியும் தன் பிரதாபத்தைக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான் ஜமீன்.

“நோட்டீஸ் குடுத்தாச்சு சார். மறுபேச்சே பேசலை. ஒரு மாசத்துல காலி பண்ணிடறேன்னுட்டார்.”

“பார்த்தியா?” என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். “அடிக்கிற விதத்துல அடிச்சா அம்மியும் நகரும்!”

“பாவம், இந்த வயசுல எங்கே போவாராம்?” என்று கேட்டாள் அவள்.

“அவருக்குன்னு ஒரு வீடு இருக்கும்மா. சார் மாதிரியே எங்க கம்பெனி மூலமா, கண்ணால பார்க்காமலே வெளிமாநிலத்துல வாங்கி வாடகைக்கு விட்டிருக்கார். இனிமே அதுலயே வந்து இருந்துக்கறாராம். அங்கே இருக்கறவங்களுக்கும் ஒரு மாச நோட்டீஸ் குடுக்கச் சொல்லிட்டார்.”

ஜமீனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“அட ராமா! எவனோ ஒரு இளிச்சவாயன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த ஆளாவது யாரு என்னன்னு கேட்டாரா?”

“கேக்கலை சார். உங்களை மாதிரியே, பேரு வேணாம்னுட்டார்.”

“கெட்டிக்காரர்!”

மறுமுனையில் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்ப நீங்க என்னிக்கு சார் காலி பண்றீங்க?”