மேட்டிலிருந்து எழும்பிய கார்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் மண் தடத்தில் முனீராவின் ரிமோட் கார் மேட்டிலிருந்து எழும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், மூக்கு தணிந்து நாலு சக்கரமும் ஒன்றாக இறங்கும். அதற்குள், அவள் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் அர்ஃபான் பாய்ந்து, அவள் விரலோடு சேர்த்து பிரேக்கை முழுசாக அழுத்திவிடுகிறார். கார் தலைகுப்புற விழுகிறது. நாளை பந்தயம், முன்சக்கரம் தெறித்து ஓடுகிறது. "நான் பிடிக்கலேன்னாலும் கவுந்திருக்கும் லா!" என்கிறார் அர்ஃபான். "கவுத்ததே நீங்கதான், நானா!" முனீராவுக்குக் காதெல்லாம் கொதிக்கிறது. அவருடைய ரிமோட்டைப் பிடுங்கி, தடத்தோரம் நிற்கும் அவர் காரை மேட்டில் ஏற்றுகிறாள். மூக்கு மேலே எழுகிறது. பிரேக்கில் ஒரே ஒரு தொடல். செம்மண்ணில் மெத்தென்று இறங்குகிறது. அர்ஃபான் ரிமோட்டுக்குக் கை நீட்டுகிறார். "நாளைக்கு நான் இதைத்தான் ஓட்டப்போறேன்," என்கிறாள், தடத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல்.