விசாரிக்க வந்தோம்

"இது உங்க போட்டோதானா?"

"ஆமா அண்ணாச்சி. அப்ப மீசை வச்சிருந்தேன்," என்று சிரித்தான் வீட்டு ஏஜெண்ட் இசக்கிராஜ்.

"இப்ப ஏன் எடுத்திய?"

கேட்டுக்கொண்டே நயினார் அவனுடைய பதிவுச் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டைச் சோதிப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மும்பை தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் நயினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, செம்பூரில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டிருந்தார். மகள் மாலதிக்கு மான்குர்த்தில் ஒரு மாப்பிள்ளை. போனார்கள், பார்த்தார்கள், அன்றைக்கே பேசி முடித்தாயிற்று. கல்யாணச் செலவுக்காகத்தான் இப்போது அந்த ஃபிளாட்டை விற்கிறார். யாரோ ஒருவன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்க அவருக்குப் பயம். பயப்பட வேண்டிய விஷயம்தான்.

இசக்கிராஜ் போனதும் மாலதி அவனுடைய ரெரா பதிவு நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தாள்.

"கவர்ன்மென்ட் பதிவு கரெக்டா இருக்குப்பா. பஸ் கரோ, போதும்ப்பா."

"நம்பர் சரியா இருந்தா ஆளும் சரியா இருப்பானா?"

"அவர் மூலமா வீடு வித்தவங்க நம்பர்கூட கொடுத்திருக்காரே. எல்லாரும் நல்லபடியாத்தானே சொன்னாங்க?"

"அவன் காட்டுற ஆளு அவனைப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லுவான். நம்மளாப் போயி விசாரிக்கணும்ட்டி."

விசாரித்தார். அவன் ஆபீஸ் வாட்ச்மேனிடம் கேட்டார். டீக்கடையில் கேட்டார். அவன் முடி வெட்டிக்கொள்ளும் சலூனைக் கண்டுபிடித்து, போன வாரம்தான் வெட்டிய தலையை மறுபடியும் கொடுத்துவிட்டுக் கேட்டார். யாரும் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி தங்கமயிலையும் கூட்டிக்கொண்டு, இசக்கிராஜ் குடியிருக்கும் கோபர்கைரனேவுக்கே கிளம்பிவிட்டார். புருஷனோடு வெளியே போவது அபூர்வம் என்பதால் தங்கமயில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஆப்பிளும் வாங்கிக்கொண்டார்கள்.

இசக்கிராஜின் பக்கத்து வீட்டில் இருந்தவர் வானமாமலை. இவர்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான்.

"பக்கத்து வீட்டு இசக்கிராஜைப் பத்தி விசாரிக்க வந்தோம்," என்றார் நயினார்.

வானமாமலை பட்டுச்சேலையைப் பார்த்தார். ஆப்பிள் பையைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"வாங்க, வாங்க. முதல்ல டீ குடிங்க."

"ஆளு எப்படி?"

"தங்கமான பையன் அண்ணாச்சி."

"குடி, கிடி?"

"வாசனையே ஆகாது."

"சேர்க்கை?"

"ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ்."

நயினாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. "அப்ப நாளைக்கே செம்பூர் வீட்டுச் சாவியைக் கொடுத்திருதேன். நல்ல விலைக்கு வித்துக் கொடுக்கட்டும்."

வானமாமலையின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"வீடு விக்கவா விசாரிச்சிய?"

"ஆமா. அவரு ஏஜெண்ட்லா?"

வானமாமலை எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தானாக இறங்கியது.

"அண்ணாச்சி, தயவுசெஞ்சு சாவியைக் கொடுத்திராதிய. ஒரே வீட்டுக்கு ரெண்டு பேர்கிட்ட அட்வான்ஸ் வாங்கி, ரெண்டு பேரும் இங்க வந்து ஒரே ரகளை. சாயங்காலம் ஆச்சுன்னா ஆளு நிதானத்துல இருக்க மாட்டான்."

"இப்பதானய்யா தங்கமான பையன்னு சொன்னிய?"

"நீங்க பொண்ணு கொடுக்க விசாரிக்கியன்னுல்லா நெனச்சேன்," என்றார் வானமாமலை, தப்பு நயினாருடையது என்பது போல. "கூடி வர்ற கல்யாணத்தை ஒரு வார்த்தை சொல்லிக் கெடுத்தா அந்தப் பாவம் நம்மளச் சும்மா விடுமா? வீடுன்னா அப்படியா? ஒரு மனுசன் ஆயுசெல்லாம் உழைச்சுச் சம்பாதிச்சது. அதுல போயி பொய் சொல்லலாமா?"

ரயிலில் நயினாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? நீயும் உன் மகளும் என்னைப் பாத்துச் சிரிச்சிய. நல்லவேளை, நம்ம வீடு தப்பிச்சிது."

ரயில் வாஷியைத் தாண்டியதும் தங்கமயில் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, மாலதிக்கு மாப்பிள்ளை பாக்கப் போனமே, அங்க பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"தங்கமான பையன்னு..." நயினார் பாதியில் நிறுத்தினார்.

"குடியைப் பத்திக் கேட்டியளா?"

"கேட்டேன். வாசனையே ஆகாதுன்னாரு."

"அந்தப் பக்கத்து வீட்டைக் காட்டிவிட்டது யாரு?"

"மாப்பிள்ளைக்கு அப்பா."

மான்குர்த் வந்தது. தங்கமயில் எழுந்தாள். எதற்கு என்று கேட்காமல் நயினாரும் பின்னாலேயே இறங்கினார்.

மாப்பிள்ளை வீட்டில் யார் கண்ணிலும் படாமல், இந்த முறை எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒரு தமிழ்ப் பெண் திறந்தாள். தங்கமயில்தான் கேட்டாள்.

"எங்களுக்கு செம்பூர்ல ஒரு வீடு இருக்கும்மா. அதை விக்கிற பொறுப்பை எதிர் வீட்டுத் தம்பிகிட்ட ஒப்படைக்கலாம்னு இருக்கோம். ஆளு எப்படி?"

"வீடா?"

அந்தப் பெண் எதிர்க் கதவை ஒருமுறை பார்த்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.