பாலத்தடியில் ஒரு குடும்பப் படம்

குரல்தான் முதலில் வந்தது.

"ஏனுங்க, இந்தத் தண்ணி என்ன இப்படி நாறுது?"

எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் கையை உதறினான். உணவகத்தின் பின்கதவு கால்வாய் பக்கம்தான் இருந்தது. திறந்து எட்டிப் பார்த்தான்.

பாலத்தின் மேல் ஒரு கூட்டம். சேலைக்குக் கீழே ஷூ. தலையில் மங்கி குல்லா. வழிகாட்டிப் பெண் சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்து, அரை மணி நேரம்தான் என்று ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். யார் கேட்டார்கள்? முறுக்குப் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தது.

தமிழ்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவர்கள் பின்னால் போனான்.

வெனிஸில் அவனுக்குத் தெரிந்து வேறு தமிழர் இல்லை. மன்னாரிலிருந்து அம்மாவின் தொலைபேசி வரும். பங்குனியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அவன் தமிழில் பேசியதெல்லாம் கனவில்தான்.

ஒரு வார்த்தை பேசினால் போதும்.

'நீங்கள் எவடம்?' என்று கேட்கலாம். மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். எவடம் என்றால் இவர்களுக்கு விளங்காமல் போகலாம். எந்த ஊர் என்றே கேட்போம்.

எந்த ஊர், எந்த ஊர். நாக்கு கூச்சப்பட்டது.

பாலத்தடியில் குடும்பம் வரிசை கட்டியது. படம் எடுக்க ஆள் இல்லை. குடைக்காரி படகு பேசப் போயிருந்தாள். தொப்பை வைத்த பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்து, போனை இவனிடம் நீட்டினார்.

"எக்ஸ்க்யூஸ் மீ. ஒன் போட்டோ."

அவன் வாயைத் திறந்தான்.

"அந்தாளுகிட்ட எதுக்குங்க குடுக்கறீங்க?" என்றாள் அவர் மனைவி. "தூக்கிட்டு ஓடீட்டான்னா?"

"எந்த நாட்டுக்காரனோ," என்றது பின்வரிசை.

"தட்டுக் கழுவறவனாட்டம் இருக்குது."

அதென்னவோ உண்மைதான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"மாப்பிள்ள, நீங்க அவன் பக்கத்துல போய் நின்னுக்குங்க. எதுக்கும் இருக்கட்டும்," என்றாள் அந்த அம்மா.

குடும்பப் படத்திலிருந்து ஓர் இளைஞன் கழன்று வந்தான். புது மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். மோதிரம் இன்னும் பளபளத்தது. காவலுக்கு நிற்பவன் முகத்தில்தான் திருடன் களை இருந்தது.

அவனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. வலித்தது. ஆனாலும் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அதைக் கேட்காமல் போக மனம் இல்லை.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு," என்று உதட்டுக்குள் எண்ணி ஒரு படம் எடுத்தான். கையசைத்து இன்னும் நெருங்கச் சொன்னான். இன்னொன்று. உட்காரச் சொல்லி இன்னொன்று. ஒரு படம் போதும் என்று அவனுக்கும் தெரியும்.

"வயித்தை உள்ள இழுங்க," என்றாள் அந்த அம்மா.

"இழுத்துட்டுத்தான் கண்ணு நிக்கறேன்," என்றார் பெரியவர்.

அவன் சிரித்துவிட்டான்.

சிரிப்பு சத்தமாகவே வந்தது. அந்த அம்மாவின் முகம் சட்டென்று வெளுத்தது. வரிசை முழுக்க அடங்கியது. அவள் மெல்ல முன்னால் வந்தாள்.

"யூ... தமிழா?"

எந்த ஊர் என்ற கேள்வி நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அவள் கை வாய்க்குப் போயிருந்தது. ஆம் என்றால், ஊருக்குப் போய் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனுஷிக்கு இந்த நிமிடம்தான் ஞாபகம் வரும். பாவம், கெட்டவள் ஒன்றும் இல்லை.

"நோ, சிஞ்ஞோரா," என்றான்.

அவள் நம்பவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. என்னமோ முணுமுணுத்தானே, தமிழுங்களா?"

மாப்பிள்ளை அவனைப் பார்த்தான். அவனும் பார்த்தான். ஒரு படகு நீரைக் கிழித்துக்கொண்டு போனது.

"இல்லீங்கத்தை. இத்தாலிக்காரருங்க. அவங்க பாஷையில எண்ணுனாரு."

"அப்பாடா. ஒரு நிமிசம் உசுரே போயிருச்சு."

மறுபடி சத்தம் கிளம்பியது. முறுக்குப் பொட்டலம் கைமாறத் தொடங்கியது. சிவப்புக் குடை தூரத்தில் ஆடியது. போனை மாப்பிள்ளை பொறுப்பில் விட்டு எல்லாரும் அதன் பின்னால் போனார்கள்.

மாப்பிள்ளை மட்டும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

போனை வாங்கிக்கொள்ளும்போது குரலைத் தாழ்த்தினான்.

"வர்றேனுங்கண்ணா."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஏப்ரனில் கையைத் துடைத்தான்.

நிமிர்ந்து பார்த்தபோது பாலத்தில் யாரும் இல்லை. கைப்பிடிச் சுவரில் முறுக்குத் துண்டு ஒன்று கிடந்தது. புறா ஒன்று அதைக் கொத்திக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றான் புறாவிடம், "நீங்கள் எவடம்?"